முப்பது குழி மனை

மனை வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்து சொன்னதுதான் நான் செய்த முதல் தப்பு. திருத்துறைப்பூண்டியில் எனக்குப் புத்தி சொல்லாத ஆள் அதற்கப்புறம் ஒருவரும் மிச்சமில்லை. தலைமையாசிரியர் கிழக்கே பார்த்த மனையாகப் பாருங்கள் என்றார். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கிற கமலவல்லி, கோயில் மனை மட்டும் வேண்டாம் டீச்சர், தரைவாடகை கட்டியே ஆயுசு போய்விடும் என்றாள். மன்னார்குடியிலிருந்து என் அண்ணன் கார்டு போட்டிருந்தான். பெண்பிள்ளை பெயரில் மனை எதற்கு, என் பெயரில் வாங்கிப் போடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தான். அந்தக் கார்டை அடுப்பில் போட்டேன்.

என் பெயர் பிரகதாம்பாள். ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. கணவர் இறந்து அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஜெயா என்று ஒரே பெண், பத்து வயது. அந்த ஏழு வருஷத்தில் ஐந்து வீடு மாறினோம். ஒரு வீட்டில் கிணற்றில் நான் தண்ணீர் இறைத்தால் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு ஆகாது என்றார்கள். இன்னொரு வீட்டில் பையனுக்குக் கல்யாணம், காலி பண்ணுங்கள் என்றார்கள். காலி பண்ணினேன். அந்தப் பையனுக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் கல்யாணம் நடந்தது. ஒவ்வொரு தடவையும் வண்டியில் சாமான் ஏற்றும்போது ஜெயா தன் சிலேட்டையும் ஒரு தகர டப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு வெறி வந்தது. இரண்டு வீடாகக் கட்டுவது, ஒன்றில் நாங்கள், ஒன்றை வாடகைக்கு விடுவது, அந்த வாடகையில் ஜெயாவைப் படிக்கவைப்பது. கணவருடைய சேமநிதியும் என் நகையும் இருந்தன. அதற்கு மேல் எனக்கு உலகத்தில் ஒன்றுமில்லை.

எழுபத்தொன்று சித்திரையில் பஞ்சநதம் தன் நிலத்தில் ரோட்டோர வயலைக் கல் நட்டு மனையாக விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பெரிய நிலக்காரர். நில உச்சவரம்பைக் கழக ஆட்சி பாதியாகக் குறைத்திருந்தது. கூலியாட்கள் வயலில் செங்கொடி நட்டு அறுப்பை நிறுத்தினார்கள். பக்கத்து ஊர்களில் அடிதடி, கேஸ், போலீஸ் லாரி. மனிதர் சலித்துப் போயிருந்தார்.

"வயல் வச்சிருக்கறவன்தாம்மா இப்ப குத்தவாளி. மனை வச்சிருக்கறவனை எவனும் ஏன்னு கேக்கமாட்டான். தைரியமா வாங்குங்க," என்றார்.

முப்பது குழி, பத்து சென்ட் வரும். தரை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. காலால் தட்டிப் பார்த்தேன், சிமெண்டுத் தரை மாதிரி இருந்தது. எனக்கு ரொம்பத் திருப்தி. தெற்கு மூலையில் ஒரு தென்னை மரம், அதையொட்டி ஒரு குடிசை. குடிசை வாசலில் ஒருவர் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்து எழுந்து நின்றார்.

"அய்யாக்கண்ணு. நம்ம ஆளுதான். காவலுக்கு வச்சிருந்தேன். செங்கல் வந்து இறங்கினா தானா போயிடுவான்," என்றார் பஞ்சநதம், அய்யாக்கண்ணு அங்கே நிற்காதது போல.

பத்திரம் எழுதிய பக்கீர் முகம்மது மட்டும் பேனாவைக் கீழே வைத்தார். முப்பது வருஷத்து வில்லங்கம் பார்த்திருந்தார், பட்டா பார்த்திருந்தார், நான்கு எல்லையும் பாதையும் இரண்டு தடவை வாசித்துக் காட்டியிருந்தார். "எல்லாம் சுத்தமா இருக்கும்மா. அந்தக் குடிசையைப் பிரிச்சப்புறம் கையெழுத்துப் போடலாமே. ஒரு மாசம் தள்ளினா என்ன?" என்றார்.

"நாள் குறிச்சாச்சு பாய்," என்றேன் நான். ஐந்து வீடு மாறினவளுக்கு ஒரு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கையெழுத்துப் போட்டேன்.

அதற்கப்புறம் சிமெண்டு. அந்தக் காலத்தில் சிமெண்டுக்குத் தாலுகா ஆபீசில் பர்மிட் வாங்க வேண்டும். மனு கொடுத்தேன். இந்த மாதம், அடுத்த மாதம் என்றார்கள். வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடையான எங்கள் பக்கம் வந்து சேர ஆடி பாதியாகிவிடும். அந்த வருஷமும் அப்படித்தான் வந்தது. வந்த நாலாம் நாள் அய்யாக்கண்ணு பள்ளிக்கூட வாசலில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சரம்மா, தண்ணி வந்திருச்சுங்க. மண்ணு சும்மா கெடக்கு."

"அது வீடு கட்டுற மனைங்க. வயலா அது?"

"கட்டுறப்ப கட்டிக்குங்க. யாரு வேணாங்கறா? சிமெண்டு எப்ப வருதோ. அதுவரைக்கும் பாத்துக்கிட்டு இருக்க முடியலைங்க. சுத்தி எல்லாம் நடுறாங்க. நம்மது மட்டும் கோரை மண்டிக் கெடக்குது. நாத்து மிச்சம் கெடக்கு எங்கிட்ட. ஒரு போகம் சம்பா, தையில அறுத்துட்டா தரை உங்களது."

நான் ஒரு கடைக்காரர் வீட்டுப் பெண்ணாகப் பிறந்திருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். பக்கத்து மனைகளை வாங்கியிருந்த மளிகைக் கடைக்காரரும் கம்பவுண்டரும் கோரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் அப்பா வலங்கைமான் பக்கத்தில் குத்தகை விவசாயி. வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது ஒரு சாண் மண் சும்மா கிடந்தாலும் அது யாருடைய மண்ணாக இருந்தாலும் கரையில் நின்று திட்டுவார். அந்த ரத்தம்தானே எனக்கும். கண்ணெதிரே தண்ணீர் ஓடுகிறது, என் மண் தரிசாகக் கிடக்கிறது. மனசு கேட்கவில்லை. சரி, நடுங்கள் என்றேன். படித்தவள், பத்திரத்தை நாலு தடவை படித்தவள், வீட்டு மனையில் நெல் நட்டேன்.

பொய் சொல்வானேன், அந்த ஐந்தாறு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஜெயாவைக் கூட்டிக்கொண்டு போய் வரப்பில் நிற்பேன். கதிர் வாங்கினபோது அவள், "இதெல்லாம் நம்மதாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். அய்யாக்கண்ணுவின் மனைவி எல்லையம்மாள் சிரித்தாள். தை பிறந்து அறுத்ததும் அய்யாக்கண்ணு ஒரு மூட்டை நெல்லைத் தலையில் வைத்துக்கொண்டு வாடகை வீட்டு வாசலில் இறக்கினார். கண்டது ரெண்டு மூட்டை, பாதிக்குப் பாதி என்றார். என் வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று கதவைத் திறந்தே வைத்தேன். அந்த அரிசியை வடித்து நானும் ஜெயாவும் சாப்பிட்டோம். என் வாழ்நாளில் எனக்கு யாரும் அதுவரை நெல் கொண்டுவந்து இறக்கியதில்லை.

பங்குனியில் பர்மிட் வந்தது. அறுபது மூட்டை சிமெண்டை வாங்கி வாடகை வீட்டின் கூடத்தில் அடுக்கினேன். நாங்கள் சமையலறையில் படுத்தோம். மனைக்குப் போய், அடுத்த வாரம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டப் போகிறோம், குடிசையைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அய்யாக்கண்ணு தலையைச் சொறிந்தார். "சங்கத்துல வீரையன் வேற மாதிரி சொல்றாருங்க," என்றார்.

வீரையன் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். மறுநாள் அவரே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். உழுகிறவன் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றுகிற சட்டம் வந்திருக்கிறது; கர்ணம் எழுதும் சாகுபடிக் கணக்கான அடங்கலில் அந்த முப்பது குழிக்கு நேரே நெல் என்றும் சாகுபடி அய்யாக்கண்ணு என்றும் இருக்கிறது; பங்கு கொடுத்திருக்கிறார்; ஆகவே அவர் குத்தகைதாரர், அவரை எழுப்ப முடியாது, மனு போட்டிருக்கிறோம் என்றார்.

"நான் என்ன பண்ணையாரா? நான் ஒரு வாத்தியார்ங்க," என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

"உங்களைச் சொல்லலை டீச்சர். இருபத்திரண்டு வருஷம் அந்த மூலையில குடியிருக்கார். பஞ்சநதம் அவரையும் சேர்த்து வித்துட்டுப் போயிட்டார். அவர் எங்க போவார், சொல்லுங்க?"

நான் எங்கே போவேன் என்று யாரும் கேட்கவில்லை. பஞ்சநதத்திடம் ஓடினேன். அவர் கையை விரித்துவிட்டார். "மனையில எவனாவது நெல்லு நடுவானாம்மா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஊர் முழுக்க அதையேதான் கேட்டது. முன்னால் புத்தி சொன்ன அதே வாய்கள்.

கேஸ் சித்திரையில் ஆரம்பித்தது. ஆவணி வரை வாய்தா. மழை ஆரம்பித்தால் சிமெண்டு கல்லாகிவிடும். ஜெயா தினமும் காலையில் எழுந்து அடி மூட்டையை விரலால் குத்திப் பார்ப்பாள். "இன்னும் மெதுவாத்தாம்மா இருக்கு," என்பாள். வீட்டுக்காரி தரை தாங்காது, எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலி பண்ணுங்கள் என்றாள். போனால் அது ஆறாவது வீடு.

எனக்காக வாதாட வைத்திருந்த ரெங்கசாமி வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டிவிட்டு, "நெல்லு விளைஞ்சது எழுத்துல இருக்கு. யாரு நட்டான்னும் இருக்கு. நீங்க பங்கு வாங்கினதுக்கு மட்டும் ரசீது கிடையாது. உங்களுக்குத் தெரியாம நட்டுட்டான், ஒரு மணி நெல்லு உங்க வீட்டுக்கு வரலைன்னு சொல்லுங்க. பங்கு இல்லைன்னா குத்தகை இல்லை. ஒரே ஒரு வார்த்தைதாம்மா," என்றார்.

தாலுகா ஆபீசின் பின்பக்கத்து அறை. விசாரிக்கிற அதிகாரி இளைஞர், கண்ணாடி போட்டவர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். அய்யாக்கண்ணு சுவரோரம் நின்றார், வீரையன் அவர் பக்கத்தில். எல்லையம்மாள் வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்கள் ஆசிரியைதானே. உண்மையைச் சொல்வீர்கள்," என்று ஆரம்பித்தார் அதிகாரி. "இந்த நபர் உங்கள் சம்மதத்தோடு சாகுபடி செய்தாரா? விளைச்சலில் பங்கு கொடுத்தாரா?"

யோசித்தேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். வீட்டிலேயே யோசித்து முடித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

"இல்லைங்க," என்றேன். "எனக்குத் தெரியாது. ஒரு மணி நெல்லு வரலை."

கிளார்க் எழுதிக்கொண்டார். அதிகாரி அய்யாக்கண்ணுவைப் பார்த்தார். "நீ என்னய்யா சொல்றே? பங்கு கொடுத்தியா?"

அய்யாக்கண்ணு என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. வரப்பு சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். "டீச்சரம்மா இல்லைன்னா இல்லைதாங்க," என்றார்.

"யோவ்!" என்று வீரையன் அவர் தோளைப் பிடித்தார். அய்யாக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. மனு தள்ளுபடி.

ஜெயித்தேன். பள்ளிக்கூடத்தில் சாக்லேட்டு கொடுக்கச் சொன்னார்கள். அன்றைக்கு என்னால் கரும்பலகையில் ஒரு வரி நேராக எழுத முடியவில்லை.

குடிசையைப் பிரிக்கிற அன்றைக்கு நான் போயிருக்க வேண்டியதில்லை. போனேன். அய்யாக்கண்ணு கூரைமேல் உட்கார்ந்து கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார். எல்லையம்மாள் கீற்றை வாங்கி அடுக்கினாள். வாய்க்கால் கரைப் புறம்போக்கில் இடம் பார்த்திருக்கிறார்களாம். கொஞ்சம் பணம் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். வேண்டாம் என்று சொல்வார், நானும் அழுதுவிடலாம் என்று நினைத்திருந்தேனோ என்னவோ. அவர் இறங்கி வந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன். "ஆமான்னு சொல்லியிருக்கலாமே."

"நான் ஆமாம்பேன், நீங்க இல்லைம்பீங்க. உங்களுக்கு நாக்காலி போட்டிருந்துச்சு. அவங்க யாரு சொன்னதை எழுதுவாங்க? பொய்யின்னு பேரும் எடுத்துக்கிட்டு எதுக்குப் போகணும்?" என்றார். சொல்லிவிட்டு மறுபடி ஏறப் போனவர் நின்றார். மண் வேலைக்காரர்கள் வானம் தோண்ட நூல் கட்டியிருந்ததைப் பார்த்தார். அவர் முகம் சுளித்தது.

"எவ்வளவு மேடு பண்றீங்க?"

"ஒரு அடி. கொத்தனார் சொன்னாரு."

"கொத்தனாரு எந்த ஊரு? நீங்க சித்திரையில மனை பாத்தவங்க. நல்ல மழை பெய்ஞ்ச ஐப்பசியில பாத்திருக்கணும், போன வருஷம் மழை கம்மி. இது வடிகால் பக்கம். நாலு ஊரு தண்ணி இதுலதான் வந்து விழும்." மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தென்னை மரத்தில் இடுப்புக்குக் கீழே ஒரு வெட்டு வெட்டினார். "மழை வருஷத்துல இதுவரைக்கும் நிக்கும். புயல் வந்தா இன்னும் ஒரு சாண். அதுக்கு மேல கட்டுங்க. நாலடி. அடியில ஆத்து மணலு போடுங்க, வயக்காட்டு மண்ணு போட்டா சுவரு பொளந்துரும்."

நான் நன்றி சொல்வதற்காக அவர் நிற்கவில்லை. கீற்றுக்கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் போனபோது எல்லையம்மாள் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். என்னை அல்ல, இடத்தை.

அறுபது மூட்டையில் பதினொன்று கல்லாகிவிட்டது. மிச்சத்தில் நாலடி உயர்த்திக் கட்டினேன். மேடு பண்ணவே பாதிக் காசு போயிற்று. இரண்டாவது வீட்டைக் கட்ட இன்னும் மூன்று வருஷம் ஆனது. மளிகைக் கடைக்காரரும் கம்பவுண்டரும் பக்கத்தில் ஒரு அடி உயரத்தில் வீடு கட்டிவிட்டு என் படிக்கட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். டீச்சர் என்ன கோபுரமா கட்டுறாங்க என்றார்கள். யார் சொல்லி இப்படிக் கட்டுகிறீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் தஞ்சாவூரில் ஒரு இன்ஜினீயர் சொன்னார் என்றேன். அது என் இரண்டாவது பொய். முதல் பொய்யை விட அது சுலபமாக வந்தது.

எழுபத்தேழு ஐப்பசி கடைசியில் அந்தப் புயல் அடித்தது. இரண்டு நாள் வெளியே தலை காட்ட முடியவில்லை. ஓட்டுக்கூரை, தென்னை, மின்கம்பம் ஒன்றும் நிற்கவில்லை. நாலு ஊர்த் தண்ணீரும் அவர் சொன்னது மாதிரியே எங்கள் தெருவில் வந்து விழுந்தது. கம்பவுண்டர் வீட்டில் கட்டில் மிதந்தது. மளிகைக் கடைக்காரர் குடும்பத்தோடு இடுப்பளவுத் தண்ணீரில் தட்டுத்தடுமாறி வந்து என் படியேறினார். என் வீட்டுக் கூடத்தில் இருபத்தாறு பேர் இருந்தோம். தண்ணீர் நான்கு படியை மூழ்கடித்து, மேல் படிக்கு ஒரு சாண் கீழே நின்றது. "அந்த இன்ஜினீயர் நல்லா இருக்கணும் டீச்சர்," என்று கம்பவுண்டர் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். ஜெயா, பதினாறு வயதுப் பெண், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அந்த மண்வெட்டி வெட்டுத் தழும்பைத் தென்னை மரத்தில் எத்தனையோ தடவை தொட்டுப் பார்த்திருக்கிறாள். நான் கேட்காதது போல அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் எங்கள் பள்ளிக்கூடத்தில் நிவாரண முகாம் போட்டார்கள். ஆசிரியர்கள்தான் சோறு போட வேண்டும் என்று உத்தரவு. என் மூன்றாம் வகுப்பில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நான் அகப்பையோடு நின்றேன். வாய்க்கால் கரையிலிருந்து வந்த வரிசை அது. குனிந்து போட்டுக்கொண்டே வந்தேன், தட்டுகளை மட்டுமே பார்த்தேன், முகங்களைப் பார்க்கத் தெம்பில்லை. ஒரு அலுமினியத் தட்டு நீண்டது. பிடித்திருந்த கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

எல்லையம்மாள் இளைத்திருந்தாள். சேலை காயாமல் உடம்போடு ஒட்டியிருந்தது.

"அவர்?" என்றேன்.

"ரோட்டுல விழுந்த மரத்தை வெட்டப் போயிருக்காரு. கூலி தர்றாங்களாம்."

"வீடு?"

"கரையோட போயிடுச்சுங்க." அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்புறம் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா டீச்சரம்மா?"

"இல்லை," என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை முதல் தடவையாக உண்மையாக அவர்களிடம் வந்தது.

"வராது. அவரும் அதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாரு, கரை ஒடையறப்ப. டீச்சரம்மா வீட்டுக்கு வராது, நான் சொன்ன மட்டத்துக்குக் கட்டியிருக்காங்கன்னு."

என் கை தானாக இன்னொரு அகப்பை சோறு அள்ளியது. அப்புறம் இன்னொன்று.

"போதுங்க," என்று எல்லையம்மாள் தட்டை இழுத்துக்கொண்டாள். "பின்னாடி ஆளு நிக்கிறாங்க."